லினக்ஸ் மின்ட் 22: பழைய ஆபீஸ் லேப்டாப்பில் எது ஓடும், எது மக்கர் பண்ணும்

விண்டோஸ் 10-ஐ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை காசில்லாமல் கிடைக்கும். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (கையெழுத்திட்ட சிஸ்டத்தை மட்டும் எழ விடும் காவல்), இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸர் ஆகியவை வேண்டும். ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாடல்களுக்குத்தான் விலக்கு.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ரீஃபர்பிஷ்டு என்று அடுக்கி வைத்திருக்கும் லேப்டாப்களில் ஒரு பெரும் பங்கு இந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிறது. ஐ.டி. கம்பெனிகளில் லீஸ் முடிந்து வெளியே வந்த டெல் லாட்டிட்யூட் இ7470, ஹெச்.பி. எலைட்புக் 840 ஜி3, திங்க்பேட் டி460 எல்லாம் ஆறாம் தலைமுறை. உழைப்பில் குறை சொல்ல முடியாத மிஷின்கள். கடைக்காரர் "விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம் சார், ஆக்டிவேட்டும் ஆகியிருக்கும்" என்பார். பூட் பென்டிரைவ் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனைகளைத் தவிர்த்து ஏற்றியதாக இருக்கும் அது. நிறுவலாம், ஓடும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். ஆக்டிவேஷனுக்காகப் போடும் கிராக் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிற மென்பொருளை வங்கிக் கணக்கு திறக்கும் மிஷினில் யாராவது போடுவார்களா?

இந்த மாதிரி மிஷினுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் 22 எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. வீட்டில் ப்ரௌசர், மெயில், பிள்ளைகளின் பாடம், தமிழ் டைப்பிங், கொஞ்சம் எக்செல் என்ற அளவில் இருப்பவர்களுக்குத் தாராளமாகப் போடலாம். கடை, அலுவலகம் என்றால் முடிவு மின்டின் கையில் இல்லை. மேசை மேல் இருக்கும் பிரின்டர், கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கையெழுத்துச் சாவி இருக்கும் யூ.எஸ்.பி. குச்சி) இந்த மூன்றின் கையில் இருக்கிறது.

மின்ட் 22 வெளிவந்தது 2024 ஜூலையில். அடித்தளம் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் சிஸ்டம்; 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 22.1, 22.2 என்று வருபவை அதே வரிசையின் சிறு பதிப்புகள். அப்டேட் மேனேஜருக்குள்ளிருந்தே ஏறிக்கொள்ளலாம். சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்புகள். 8 ஜி.பி. ரேம் இருந்தால் சின்னமன். 4 ஜி.பி. என்றால் எக்ஸ்எஃப்சிஇ, அப்போதும் குரோமில் பத்துப் பதினைந்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். இணையப் பக்கங்கள் தின்னும் ரேமை எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் குறைத்துவிட முடியாது. இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் உள்ளே இருக்கிறது என்றால், மின்டைப் பற்றி யோசிக்கும் முன் 240 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுவிடுங்கள். வேக வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும்.

நிறுவுவது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். நிறுவல் எளிதுதான், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் எல்லாத் தடங்கலும். 3 ஜி.பி.க்குச் சற்று முன்பின்னான ஐ.எஸ்.ஓ. என்ற நிறுவல் கோப்பை இறக்கி, 8 ஜி.பி. பென்டிரைவில் பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் கொண்டு எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. அதற்குப் பின் விண்டோஸுக்குள் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் நீங்கள் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கலாம். இருந்தால் அணைத்து, டிஸ்க் முழுக்கப் பூட்டு நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். அணைக்க மனமில்லை என்றால் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்திலாவது எழுதி வைக்க வேண்டும். மற்றது, பவர் ஆப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது. இதை விட்டால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். மின்டில் டி டிரைவைத் திறந்தால் படிக்க முடியும், எழுத முடியாது. "லினக்ஸில் என் ஃபைலை சேவ் பண்ண முடியல" என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

பூட் மெனு டெல்லிலும் லெனோவாவிலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9. பென்டிரைவிலிருந்து மின்ட் நிறுவாமலே ஓடும். அங்கேயே வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். இன்டெல் வைஃபை கார்டு என்றால் கவலை இல்லை. பிராட்காம், சில ரியல்டெக் கார்டுகள் உடனே எழாது. மொபைலை யூ.எஸ்.பி. வயரில் இணைத்து டெதரிங் போட்டால் தற்காலிகமாக இன்டர்நெட் கிடைக்கும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து வேண்டியதைப் போடலாம். செக்யூர் பூட் ஓடும் நிலையில் இப்படி வெளி டிரைவர் போட்டால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் 'என்ரோல் எம்.ஓ.கே.' என்று வரும். அதில் உள்ளே போய் அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பலர் அதை ஏதோ எர்ரர் என்று நினைத்து 'கன்டின்யூ' அடித்துவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிவார்கள்.

டெல் மிஷின்களில் இன்னொரு தொல்லை: நிறுவும்போது எஸ்.எஸ்.டி.யே கண்ணில் படாது. பயாஸில் (மிஷினின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) சாட்டா ஆபரேஷன் 'ரெய்டு ஆன்' என்று இருப்பதுதான் காரணம். அதை ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அப்படியே மாற்றலாம். இரண்டும் வேண்டும் என்பவர்கள் முதலில் விண்டோஸை எம்.எஸ்.கான்ஃபிக் வழியாகச் சேஃப் மோடில் எழச் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் எழுந்தபின் எம்.எஸ்.கான்ஃபிக்கில் போட்ட சேஃப் மோட் டிக்கை எடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்து நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். இதற்காகவே வாங்கும்போது கடையில் எஃப்2 அடித்துப் பயாஸுக்குள் போக விடுகிறதா என்று பாருங்கள். பழைய கம்பெனி வைத்த அட்மின் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும் மிஷின்கள் சந்தையில் உண்டு. அதில் எதையும் மாற்ற முடியாது.

நிறுவும்போது மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓட உதவுபவை) பெட்டியை டிக் செய்யுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால் ஒரு காபி குடிப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டு சிஸ்டமும் வைத்திருந்தால் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிந்திக் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது நம்மூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. ஹார்டுவேர் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு மின்டுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகும்.

இனி தமிழ். மின்ட் மீது வரும் எரிச்சலில் முக்கால்வாசி, தப்பான இடத்தில் தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பதால் வருகிறது. கீபோர்டு செட்டிங்ஸில் 'லேஅவுட்' பகுதிக்குப் போனால் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டவர்கள், தமிழ்99 விசையமைப்பில் தானாக விழ வேண்டிய புள்ளி விழவில்லை என்று திட்டுவார்கள். அந்த வகை லேஅவுட்டில் ஒரு விசைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். முன்னால் தட்டியது என்ன என்று திரும்பிப் பார்க்கும் அறிவு அதற்குக் கிடையாது. ம-வை இரண்டு தடவை தட்டினால் 'ம்ம', ந-வும் த-வும் தட்டினால் 'ந்த' என்று வருவதுதானே தமிழ்99-இன் சுகமே. அதற்கு, தட்டுவதைப் பார்த்து எழுத்தை மாற்றித் தரும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு தொகுப்புகளையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடிப் போட்டு, இன்புட் மெத்தட் பகுதியில் ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். லாக் அவுட் செய்யாமல் எவ்வளவு தேடினாலும் பட்டியலில் தமிழ் வராது. பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ் என்பதன் கீழ் 'தமிழ்99 (எம்17என்)' சேர்க்கலாம். ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்களுக்கு அங்கேயே 'பொனெட்டிக்' இருக்கிறது. அஞ்சல் விசையமைப்புக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், சில சேர்க்கைகள் மட்டும் மாறும். ஒரு நாளில் கை பழகிவிடும்.

ஒரு குறை நிஜமாகவே உண்டு. ஐபஸில் கடைசி எழுத்து அடிக்கோட்டோடு தொக்கி நிற்கும். ஸ்பேஸோ அடுத்த எழுத்தோ தட்டும் முன் மவுஸை வேறிடத்தில் கிளிக் செய்தால் அந்த எழுத்து தொலைந்துபோகும் அல்லது கிளிக் செய்த இடத்தில் போய் விழும். ஃபார்ம் நிரப்பும்போது ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு மவுஸில் தாவாமல் டேப் விசையில் நகர்ந்தால் இந்தத் தொல்லை குறையும். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை வைத்துப் பழகியவர்களுக்கு முதல் வாரம் கடுப்பாக இருக்கும். அந்த மூன்றும் விண்டோஸ் மென்பொருள்கள்தான், இங்கே இல்லை.

கன்னடத்துக்கு நிலைமை இதைவிட நல்லது என்பதுதான் வேடிக்கை. நுடி என்ற கன்னட டைப்பிங் மென்பொருள் மின்டில் ஓடாது. ஆனால் அதில் பழகிய ககப விசையமைப்பு லேஅவுட் பட்டியலிலேயே 'கன்னடம் (ககப, பொனெட்டிக்)' என்று இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும், அலுவலக விண்ணப்பத்தைக் கன்னடத்தில் அடித்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கும் அது போதும். பழைய நுடி எழுத்துருவில் வந்த கோப்புகள் மட்டும் எழுத்துரு இல்லாமல் குப்பையாகத் தெரியும்.

தமிழிலும் அதே கதைதான்: யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக் காலத்துக் கோப்புகள். எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் படிக்க முடியும், பிரின்ட்டும் போடலாம். அதே முறையில் புதிதாக டைப் செய்வதற்கு இங்கே வழி சரியில்லை. அவென்யூ ரோடு, சிக்பேட்டை பக்கம் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடிப்பவர்கள் கோரல்டிராவை விட்டு நகரவும் முடியாது. அவர்களுக்கு மின்ட் வேண்டாம், இதில் இரண்டாம் யோசனைக்கே இடமில்லை.

எம்.எஸ். ஆபீஸுக்குப் பதிலாக மின்டில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுதுபவர்கள் செய்ய வேண்டிய ஒரு திருத்தம்: தமிழை அது 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்' என்று தனி வகையில் வைக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் பகுதியில் அதை இயக்கித் தமிழைத் தேர்ந்துவிட்டு, ரைட்டர் பிரிவில் 'பேசிக் ஃபான்ட்ஸ் (சி.டி.எல்.)' என்ற பக்கத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எழுத்துருப் பெட்டியில் ஏதோ தேவநாகரி பெயர் தெரியும், ஸ்டைலில் எழுத்தின் அளவை மாற்றினாலும் தமிழ் மட்டும் அசையாமல் நிற்கும். விண்டோஸிலிருந்து வரும் கோப்புகளில் லதா, நிர்மலா எழுத்துருக்கள் இருக்கும். மின்டில் அவை இல்லாததால் வேறொன்று நிரப்பி வரி அகலம் மாறி, ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகும். இருவழியிலும் கோப்பு போய் வர வேண்டும் என்றால் இரண்டு மிஷினிலும் நோட்டோ சான்ஸ் தமிழையே வைத்துக்கொள்வது நல்லது. எக்செல் பக்கம் விலூக்கப், பிவட் எல்லாம் சரி. மேக்ரோ போட்ட கோப்புகள் தடுமாறும். வருமான வரித் துறையின் எக்செல் யூட்டிலிட்டி போன்றவற்றை இங்கே திறக்க முயற்சி செய்யாமல், போர்ட்டலில் ஆன்லைனாக நிரப்பிவிடுவது மேல்.

பிரின்டர் விஷயத்துக்கு நிதானமாக வருவோம், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். புதிய வைஃபை பிரின்டர்களில் ஏர்பிரின்ட் இருந்தால் டிரைவரே தேவையில்லை, அதே நெட்வொர்க்கில் இருந்தால் தானாக வந்து நிற்கும். எப்சன் எல் வரிசை இங்க்டேங்க் மாடல்களுக்கு டிரைவர் மின்டின் சாஃப்ட்வேர் கிடங்கிலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்ய மட்டும் எப்சன் தளத்திலிருந்து 'எப்சன் ஸ்கேன் 2' இறக்க வேண்டும். பிரதர் தன் தளத்தில் லினக்ஸ் டிரைவரைத் தானே தருகிறது. ஹெச்.பி.க்கு எச்.பி.லிப் என்ற டிரைவர் தொகுப்பு உள்ளேயே வருகிறது, ஆனால் லேசர்ஜெட் 1020, பி1007, பி1108 போன்றவற்றுக்குக் கூடுதலாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டும். பிரின்டருக்குள் நிரந்தரமாக இருக்க வேண்டிய ஃபர்ம்வேரை 1020, பி1007 போன்ற மாடல்கள் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிடமிருந்து வாங்குகின்றன. பிளக்இன் பதிப்பும் எச்.பி.லிப் பதிப்பும் பொருந்த வேண்டும்; பெரிய அப்டேட்டுக்குப் பின் திடீரென்று பிரின்ட் நின்றுபோனால் பிளக்இன்னை மறுபடி இறக்கினால் போதும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

ஆகாத ஒன்று கேனன் எல்.பி.பி. 2900. ஜெராக்ஸ் கடை, வக்கீல் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ் என்று பார்க்கும் இடமெல்லாம் இருப்பதும் அதுதான். கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியில் மட்டும் பேசும். லினக்ஸ் டிரைவர் என்று கேனன் வெளியிட்டது உண்டு. பழையது, 32-பிட் துண்டுகளை நம்பி நிற்பது. மெனக்கெட்டு ஓட வைத்தாலும் வயரைக் கழற்றி மாட்டினால், லேப்டாப் தூங்கி எழுந்தால் பிரின்டர் காணாமல் போகும். தினமும் நூறு பக்கம் அடிக்கும் கடையில் இந்த விளையாட்டு ஆகாது. அந்தப் பிரின்டரை ஒரு விண்டோஸ் மிஷினிலேயே விட்டுவிட்டு, மின்டிலிருந்து பி.டி.எஃப். ஆக்கி நெட்வொர்க் ஃபோல்டர் வழியாக அனுப்பி அங்கே அடிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெஸ்காம் கரண்ட் பில், காவேரி 2.0 பத்திரப் பதிவுத் தளம், ஜி.எஸ்.டி. போர்ட்டல், நெட்பேங்கிங் எல்லாம் ப்ரௌசர் சமாசாரம், ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ நடக்கும். இ-ஆதார் பி.டி.எஃப். வழக்கமான பாஸ்வேர்டில் திறக்கும். ஆனால் டிஜிட்டல் கையெழுத்து செல்லுமா என்ற குறியை மின்டோடு வரும் எக்ஸ்ரீடர் காட்டாது. அதற்கு ஆக்குலர் என்ற மென்பொருளைப் போட வேண்டும். அடோபி ரீடர் லினக்ஸுக்கு இப்போது இல்லை. வாட்ஸ்அப்பை 'வெப் ஆப்ஸ்' கருவியில் தனி ஐகானாக ஆக்கிக்கொள்ளலாம். நெட்ஃபிளிக்ஸ் ஓடும், 4கே தெளிவு கிடைக்காது. விரல்ரேகைக்கு 22.2-இல் ஃபிங்விட் என்ற கருவி வந்திருக்கிறது, ஆனால் பழைய திங்க்பேட்களின் சென்சார்களில் பலவற்றுக்கு டிரைவரே கிடையாது. இருந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைம்ஷிஃப்ட் மின்டின் உண்மையான பலம். சிஸ்டம் கோப்புகளை நகலெடுத்து வைத்து, அப்டேட் கெடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பித் தரும். தினசரி இரண்டு, வாராந்தரம் ஒன்று என்று வைத்தால் போதும். கண்டபடி ஐந்தைந்தாக வைத்தால் 60 ஜி.பி. பார்ட்டிஷன் நிரம்பி, ஒரு நாள் லாகின் திரைக்கு மேல் போகாமல் நிற்கும். உங்கள் போட்டோவும் கணக்கும் இதில் சேராது; அதற்குத் தனி டிரைவில் தனி பேக்கப் எடுக்க வேண்டும்.

கடைசியாக, கணக்கு. டாலி நம்ம பெங்களூர்க் கம்பெனிதான். இருந்தும் டாலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனில் அதை ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் அது கைவிட்டால் யாரிடம் கேட்பது? ஜோஹோ புக்ஸ் போல ப்ரௌசரில் ஓடும் கணக்குக்கு மாறியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. டோக்கன் விஷயமும் ஆளைப் பொறுத்ததுதான். தனிநபர் கடை என்றால் ஜி.எஸ்.டி.யை ஓ.டி.பி.யில் முடித்துவிடலாம், மின்ட் போதும். கம்பெனி, எல்.எல்.பி. என்றால் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். இபாஸ், ப்ராக்ஸ்கீ டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும், போர்ட்டலின் கையெழுத்து மென்பொருள், ப்ரௌசர், டோக்கன் மூன்றும் ஒத்துப்போக வைப்பது தனி வேலை. அந்த ஒரு மேசையில் விண்டோஸ் 11 இருக்கட்டும், மற்ற மேசைகளில் மின்ட் போடுங்கள்.

அந்த ஒரு மிஷினை எஸ்.பி. ரோட்டில் தேடுபவர்கள் திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 என்று மாடல் பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிட வேண்டாம். மூன்றும் எட்டாம் தலைமுறையிலும் வந்தன, ஏழாம் தலைமுறையிலும் வந்தன. ஐ5-8250யூ, 8350யூ என்று எண் 8-இல் தொடங்கினால் வாங்கலாம். 7300யூ என்றிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அது மின்ட் மேசைக்கான மிஷின்.